எண்ணெய்க் கம்பெனி உண்டியல்கள்: எது பழசு, எது விலை போகும், எதைத் தொடக்கூடாது

தூக்கிப் போட நினைத்தீர்களே, அந்தச் சின்ன எண்ணெய் டின், அதை முதலில் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மற்றவற்றைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் நீங்கள் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்ட்டில் ஓர் அட்டைப்பெட்டி கிடைத்திருக்கிறது. அதற்குள் ஐந்து பொருட்கள். அசல் பெட்டியோடு ஒரு டெக்ஸாகோ டேங்கர் லாரி, அதே கம்பெனியின் பெயர் போட்ட ஒரு விமானம், ஒரு பச்சை டைனோசர், கனமான வார்ப்பிரும்பில் ஒரு பெட்ரோல் பம்ப், அப்புறம் லேசாகத் துருப்பிடித்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ‘சிட்டீஸ் சர்வீஸ்’ எண்ணெய் டின். ஐந்திலும் காசு போடும் வாய் இருக்கிறது. டின்னுக்குள் மட்டும் காசு குலுங்குகிறது, திறக்க வழியில்லை. எது பழசு, எது விலை போகும், டின்னை அறுக்கலாமா, எல்லாவற்றையும் கழுவித் துடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லாரியும் விமானமும் பெட்டியோடு பளபளவென்று இருப்பதால் அவைதான் மதிப்புள்ளவை, டின் குப்பைக்கு என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். எண்ணெய்த் தொழிலில்தான் வேலை. பதினைந்து வருடங்களாகப் பழைய பெட்ரோல் பங்க் சாமான்களைச் சேர்த்து வருகிறேன். சேகரிப்பவர்கள் இதைப் ‘பெட்ரோலியானா’ என்பார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது உண்டியல்கள்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் எந்த உண்டியலைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது ஒரு குழந்தை காசு போடுவதற்காகச் செய்ததா, பெரியவர் ஒருவர் அலமாரியில் வைப்பதற்காகச் செய்ததா? உங்கள் பெட்டியில் இரண்டு வகையும் இருக்கின்றன. விலையும் அபூர்வமும் அந்த ஒரு கேள்வியில்தான் பிரிகின்றன.

குழந்தைக்கானதை முதலில் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஒரே சாலைச் சந்திப்பில் மூன்று நான்கு பெட்ரோல் பங்குகள் எதிரெதிரே நிற்கும். பெட்ரோல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். அப்புறம் எதை வைத்து வாடிக்கையாளரை இழுப்பது? கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்கள், சாலை வரைபடம் இலவசம், கண்ணாடி டம்ளர் இலவசம். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு உண்டியல். அடுத்த முறை பெட்ரோல் போட வேண்டியிருக்கும்போது “அந்த பங்குக்கே போகலாம்பா” என்று சொல்லப் போவது அந்தப் பிள்ளைதான். அதோடு, சேமிப்பு என்கிற நல்ல வார்த்தை கம்பெனிப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எஸ்ஸோ கொடுத்த ஓர் உண்டியல் கண்ணாடிச் செங்கல் வடிவில் இருக்கும். உள்ளே காசு ஏறுவது வெளியே தெரியும். ‘எஸ்ஸோவோடு உங்கள் சேமிப்பு வளர்வதைப் பாருங்கள்’ என்று அந்தக் கண்ணாடியிலேயே ஆங்கிலத்தில் புடைப்பெழுத்தாக வார்த்திருப்பார்கள். நம்மூர்ப் பெரியவர்களுக்கு எஸ்ஸோ என்ற பெயர் நினைவிருக்கும். 1974-இல் அரசு எடுத்துக்கொண்டு ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆக்கும் வரை நம் ஊர்களிலும் எஸ்ஸோ பங்குகள் இருந்தன.

இந்த இலவச உண்டியல்களில் அதிகம் புழங்கியது உங்களிடம் உள்ளது போன்ற டின்தான். அன்றைக்கு எஞ்சின் ஆயில் கால் காலன் அளவுள்ள உருண்டையான தகர டப்பாவில் வந்தது. அதே டப்பாவின் குட்டி வடிவம் இது. சுமார் மூன்று அங்குல உயரம். அதே நிறம், அதே எழுத்து, அதே சின்னம். பெரிய டப்பா செய்த தகரத் தொழிற்சாலைகளே குட்டியையும் செய்ததால் அச்சு அவ்வளவு துல்லியமாக இருக்கும். காகித லேபிள் ஒட்டுவதில்லை. தட்டையான தகரத் தகட்டில் நேரடியாக அச்சிட்டு, அதன் பிறகு வளைத்து, பக்கத்தில் ஒரு தையல் போட்டு, மேலும் கீழும் மூடியை மடித்து இறுக்கிவிடுவார்கள். மேல் மூடியில் மட்டும் ஒரு வாய். சாவி கிடையாது, கீழே திறப்பு கிடையாது. உள்ளே போன காசு வெளியே வர வேண்டுமானால் டின்னை அறுக்க வேண்டும்.

அதனால்தான் இது இன்று அரிதாகக் கிடைக்கிறது. நம்மூர் மண் உண்டியல் கதைதான். நிறைந்தால் உடைப்பார்கள், திருவிழா வந்தால் உடைப்பார்கள், அவசரச் செலவு வந்தாலும் உடைப்பார்கள். உடைப்பதற்கென்றே பிறந்த பொருள் முழுசாக மிஞ்சுவது அதிர்ஷ்டம். ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் வயதான அம்மா ஒருவர் என்னிடம் இப்படி ஒரு டின்னைக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. திருப்பினால் அடிப்பாகம் முழுவதும் வட்டமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அவருடைய அண்ணன் டப்பா திறக்கும் கருவியால் அடியை வெட்டிக் காசை எடுத்துவிட்டு, தங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கப் பழையபடி அலமாரியில் நிமிர்த்தி வைத்தாராம். எத்தனையோ மாதம் கழித்து அலமாரியைத் துடைக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்ததாம். விலை மதிப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அதை வாங்கி வந்தேன். இன்றும் என் மேசையில் பேனா வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் டின்னின் வயதைப் பெயரே சொல்லிவிடும். சிட்டீஸ் சர்வீஸ் கம்பெனி 1965-இல் தன் பெட்ரோல் பங்குகளின் பெயரைச் ‘சிட்கோ’ என்று மாற்றியது. அதுவரை மூன்று இதழ் கொண்ட இலைச் சின்னம், அதன் பிறகு முக்கோணச் சின்னம். உங்களுடையதில் பழைய பெயரும் இலையும் இருந்தால் அநேகமாக 1965-க்கு முற்பட்டது. மற்ற பிராண்டுகளுக்கும் இந்த வழி உதவும். அமெரிக்காவில் எஸ்ஸோ 1972-இல் எக்ஸான் ஆனது. ‘சொகோனி-வேக்குவம்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் 1931-க்கும் 1955-க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் மோபிலின் தாய்க் கம்பெனி அந்த வருடங்களில்தான் அந்தப் பெயரில் இருந்தது. பெட்டியில் முகவரியோடு ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963-க்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால், எவ்வளவு பழைய தோற்றத்தில் இருந்தாலும், அது ஞாபகார்த்தமாகப் பிற்காலத்தில் செய்தது.

பெயர் சரி, பொருள் அசல்தானா? அதற்கு வாயைப் பார்க்க வேண்டும். அசல் உண்டியலில் மூடியை டின்னோடு சேர்க்கும் முன்பே வாயை அச்சில் குத்தியிருப்பார்கள். விளிம்பு நேராக, விரல் வைத்தால் கீறாமல் இருக்கும். சாதாரணச் சின்ன டின் ஒன்றில் யாரோ பின்னால் உளியாலோ ரம்பத்தாலோ வெட்டியிருந்தால் விளிம்பு பிசிறடிக்கும், சுற்றிலும் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். அடுத்து ஒரு பூதக்கண்ணாடி வைத்து நிறத்தைப் பாருங்கள். பழைய அச்சில் பச்சை என்றால் பச்சை மையாகவே பரப்பியிருப்பார்கள். புது நகல்களில் பெரும்பாலும் நான்கு நிறப் புள்ளிகள் சேர்ந்து பச்சையாகத் தெரியும்.

என்னிடம் ஒரு சிங்க்ளேர் எண்ணெய் டின் உண்டியல் இருக்கிறது. அதன் வாயைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில், வாயின் ஒரு முனையிலிருந்து வெளியே. யாரோ வெண்ணெய்க் கத்தியை உள்ளே விட்டு, டின்னைத் தலைகீழாகப் பிடித்து, கத்தியின் மேல் காசைச் சறுக்க வைத்து எடுத்திருக்கிறார்கள். ஒரு முறை அல்ல, நாற்பது ஐம்பது முறை. ஒரு பிள்ளை எத்தனை மாலை இதோடு உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். கீறல் விலையைக் குறைக்கிறது என்று விற்றவர் சொன்னார். எனக்கு அந்தக் கீறல்தான் வேண்டியிருந்தது.

சிங்க்ளேர் என்றதும் உங்கள் டைனோசருக்கு வந்துவிடலாம். அந்தப் பச்சை விலங்கு சிங்க்ளேர் எண்ணெய்க் கம்பெனியின் சின்னம். 1930-இல் விளம்பரத்தில் டைனோசர்களைக் கொண்டுவந்தார்கள். எங்கள் எஞ்சின் ஆயில் பென்சில்வேனியாவின் மிகப் பழைய கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது, டைனோசர் காலத்துக்கும் முந்தியது என்பதே விளம்பரத்தின் கருத்து. அதிலிருந்து எண்ணெய் டைனோசர்களிலிருந்து வருகிறது என்று ஊரே நம்பத் தொடங்கியது. உண்மையில் அது பெரும்பாலும் பழங்காலக் கடல்களின் நுண்ணுயிர்கள் புதைந்து உண்டானது. தொழிலில் இருப்பவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘டைனோலேண்ட்’ என்று சிங்க்ளேர் ஓர் அரங்கம் அமைத்தது. உயிரளவில் ஒன்பது ஃபைபர்கிளாஸ் டைனோசர்கள். அவற்றை ஹட்சன் ஆற்றில் படகில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் நின்று பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அவற்றில் இரண்டு, 70 அடி நீள விலங்கும் டைரனோசரஸும், இன்று எங்கள் டெக்சாஸில் க்ளென் ரோஸ் ஊரின் டைனோசர் பள்ளத்தாக்குப் பூங்காவில் நிற்கின்றன. பிள்ளைகளோடு போயிருக்கிறேன். கண்காட்சியில் இயந்திரம் ஒன்று கண் முன்னாலேயே சின்ன டைனோசரை வார்த்துச் சூட்டோடு கையில் கொடுக்கும். அந்தப் பொம்மைகளும் நிறைய சுற்றுகின்றன.

உங்களுடையதைப் பற்றிச் சொல்வதானால், அது உலோகமா பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். சிங்க்ளேர் அந்தச் சின்னத்தை விட்டதே இல்லை. இன்றும் புதிதாக டைனோசர் சாமான்கள் வருகின்றன. எனவே பளபளப்பான பச்சை பிளாஸ்டிக், அடியில் ரப்பர் அடைப்பான், ‘சீனாவில் செய்தது’ என்ற எழுத்து என்றால் அது புதுசு, பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள். கனமான உலோகம், முதுகுப் பகுதியில் பெயிண்ட் தேய்ந்து அடி உலோகம் தெரிகிறது என்றால் எனக்குப் படம் அனுப்புங்கள். சிங்க்ளேரின் இன்னோர் உண்டியல், சுமார் நான்கு அங்குல உயரத் தகரப் பெட்ரோல் பம்ப். தகரத்தில் அச்சிட்ட அந்த பம்ப் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். இந்த வகையில் அதைவிட அழகான பொருளை நான் பார்த்ததில்லை.

1973-இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தியதோடு இந்தக் காலம் முடிந்துபோனது. பங்குகளில் கார்கள் வரிசையாக நின்றன. ‘பெட்ரோல் இல்லை’ என்று பலகை தொங்கியது. வாடிக்கையாளரே கெஞ்சி நிற்கும்போது அவர் பிள்ளைக்கு யார் உண்டியல் கொடுப்பார்கள்?

பத்து வருடம் கழித்து உண்டியல் திரும்பி வந்தது, ஆனால் இலவசமாக இல்லை. இனி உங்கள் லாரியின் கதை.

அயோவா மாநிலத்தில் டையர்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். பண்ணைப் பொம்மைகளின் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதற்கென்று ஒரு தேசிய அருங்காட்சியகமே அங்கே உண்டு. காரணம் ஃப்ரெட் எர்ட்ல். 1945-இல் டுபியூக் ஊரில், வேலை இல்லாமல் இருந்த நேரத்தில், வீட்டு அடித்தளத்தில் உலை மூட்டி, போரில் மிஞ்சிய விமான அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி டிராக்டர் பொம்மைகள் செய்தார். 1959-இல் கம்பெனி டையர்ஸ்விலுக்கு மாறியது. 1981-இல் எர்ட்ல் கம்பெனி பழைய கால வண்டி வடிவில் டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) உண்டியல் செய்யத் தொடங்கியது. வண்டி ஒன்றுதான், மேலே அச்சிடும் பெயர் மட்டும் மாறும். இன்றைக்கு மளிகைக் கடைப் பெயர், நாளைக்கு விதைக் கம்பெனிப் பெயர். 1984-இல் டெக்ஸாகோவின் முறை வந்தது. 1913 மாடல் ஃபோர்டு வேன், வரிசையில் எண் 1. அதன் பிறகு வருடம் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. 1985-இல் 10 பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி, பென்ஸாயில் என்ற இன்னோர் எண்ணெய்க் கம்பெனி போட்ட வழக்கில் டெக்ஸாகோவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, 1987-இல் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த வருடமும் உண்டியல் மட்டும் தவறாமல் வந்தது.

உங்கள் லாரி, பெட்டியில் நீங்கள் படித்துச் சொன்னபடி, 1930 டயமண்ட்-டி டேங்கர். அது வரிசையில் ஏழாவது, 1990-ஆம் வருடத்துக்கானது. கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உருண்டையான ஒரு சின்ன மூடி, அதன் நடுவில் சாவி போடும் வெட்டு. பெட்டியின் மூலையில் சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் தகடு மாதிரி ஒரு சாவி இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டில் அந்த உறை பிரிக்கப்படாமலே இருக்கும். அதுதான் இந்த வகையின் பிரச்சினை. யாரும் இதில் ஒரு காசு போட்டதில்லை.

எண் 1 வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் விளையாடினார்கள், பெட்டிகள் குப்பைக்குப் போயின. நான்கைந்து வருடத்தில் முழு வரிசையும் வேண்டும் என்று ஆட்கள் தேடத் தொடங்க, எண் 1-இன் விலை நூற்றுக்கணக்கான டாலருக்கு ஏறியது. அதைப் பார்த்தவர்கள் அடுத்தடுத்து வந்ததை இரண்டு மூன்றாக வாங்கிப் பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுக்கினார்கள். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்களை எனக்கு நேரில் தெரியும். டையர்ஸ்விலின் ஸ்பெக்காஸ்ட், 1991-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் கியர் என்று போட்டிக் கம்பெனிகள் வந்தன. ஒரே லாரி சாதாரணம், தங்கப்பூச்சு, ‘சிறப்புப் பதிப்பு’ என்று பல வேடத்தில் வந்தது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எல்லோரிடமும் இருக்கும் இல்லையா? இப்போது அந்தத் தலைமுறை வீட்டைக் காலி செய்கிறது, அடுக்கி வைத்த பெட்டிகள் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. உங்கள் டயமண்ட்-டி லாரி பெட்டி, சாவி எல்லாவற்றோடும் 20 டாலரைச் சுற்றித்தான் போகும். 2001-இல் செவ்ரானும் டெக்ஸாகோவும் இணைந்த பிறகும் நிலைமை மாறவில்லை.

விலை பார்க்கும்போது ஒரு விஷயம். இணைய ஏலத் தளங்களில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். 300 டாலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கும், அதில் தேடுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் ‘குப்பை’ டின், துருவோடும்கூட, பளபளக்கும் லாரியைவிட அதிகம் பெறும் என்பதை நீங்களே காண்பீர்கள்.

விமானத்தை மட்டும் விற்காதீர்கள் என்பேன். காரணம் பணம் அல்ல. 1993-இல் எர்ட்ல், டெக்ஸாகோ விமான வரிசையைத் தொடங்கியது. முதல் விமானம் 1929 லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸ். அதுதான் உங்களுடையது. அதை உண்மையில் ஓட்டியவர் ஃப்ராங்க் ஹாக்ஸ், டெக்ஸாகோவின் விமானப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். எண்ணெய்க் கம்பெனிக்கு எதற்கு விமானி? விமான எரிபொருள் புதுச் சந்தை. எங்கள் பெட்ரோலில் விமானம் எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. 1929 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க்குக்கு இறங்காமல் 18 மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் பறந்து சாதனை செய்தார். அடுத்த வருடம் ‘மிஸ்டரி ஷிப்’ என்ற வேறு விமானத்தில், இடையில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு, அதே தூரத்தை 12 மணி நேரம் 25 நிமிடத்தில் கடந்தார். அந்த விமானம் சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. 1938-இல் ஒரு விபத்தில் இறந்துபோனார். உண்டியல் விமானத்தின் சக்கரத்தைச் சுற்றியபடி இந்தக் கதையை என் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வரலாற்றில் ஆர்வம் வந்தது அங்கேதான்.

இடையில் ஹெஸ் லாரி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நியூ ஜெர்சியில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பார்கள். 1964 முதல் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹெஸ் பங்குகள் பொம்மை லாரி விற்றன, முதல் லாரி 1 டாலர் 29 செண்ட். 1980-களின் நடுவில் சில வருடங்கள், 1984 முதல் 1987 வரை, அவற்றில் காசு போடும் வாயும் இருந்தது. பிரபலமானவை, ஆனால் ஏராளமாகக் கிடைப்பவை. ‘ஏராளம்’ என்ற அந்த வார்த்தை போதும்.

இப்போது சங்கடமான பொருள், உங்கள் வார்ப்பிரும்பு பம்ப். படத்தைப் பார்த்தவரை அது பழசு இல்லை. பழசின் நகல்கூட இல்லை. அப்படி ஒரு பொருளை, அதன் மேல் சின்னம் இருக்கும் கம்பெனி அந்தக் காலத்தில் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. இவற்றைக் கற்பனைச் சாமான் என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். நானும் முதல் வருடத்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் இதே மாதிரி ஒன்றை 85 டாலருக்கு வாங்கினேன். தாத்தா காலத்துப் பொருள் என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. இரண்டு கடை தள்ளி அதே பம்ப் ஆறு வரிசையாக நின்றது. அன்று கற்றதைச் சொல்கிறேன். பழைய வார்ப்பிரும்புப் பொம்மையின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும், இரண்டு பாதிகளும் முடி நுழையாத அளவுக்குப் பொருந்தும். புதியது மணல்தாள் மாதிரி சொரசொரக்கும், இணைப்பில் நகம் நுழையும். பழைய திருகின் தலையில் ஒற்றைக் கோடு, இதில் கூட்டல் குறி இருக்கும். பழைய துரு கறுத்த பழுப்பு, இது பொடி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டும். இன்னொன்றையும் யோசியுங்கள். இரண்டாம் உலகப் போரோடு வார்ப்பிரும்புப் பொம்மைகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பம்பின் மேல் இருப்பதோ அதற்குப் பிந்தைய சின்னம். கதவுக்கு முட்டுக் கொடுக்க நல்ல பொருள், அவ்வளவுதான்.

துடைப்பது பற்றி. தயவு செய்து எதையும் கழுவாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் கை நமக்கு, அழுக்கைப் பார்த்தால் பொறுக்காது. தகர அச்சு அதைத் தாங்காது. புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் நார், துருநீக்கி எண்ணெய், எதுவும் வேண்டாம். நிறம் தகரத்தின் மேல் மெல்லிய தோலாகத்தான் நிற்கிறது. துருவை எடுக்கப் போனால் துருவுக்கு மேலிருக்கும் அச்சும் கூடவே வந்துவிடும். உலர்ந்த, கழுவிக் கழுவி மென்மையான பருத்தித் துணி போதும். வேட்டித் துணி ரொம்ப நல்லது. அடியில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சை ஈரமாக்கிப் பிழிந்து ஒரு முறை ஒற்றிப் பார்த்து, நிறம் ஏறாவிட்டால் மட்டும் மேலே போங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், சிவப்புதான் முதலில் வெளுக்கும். மறுபடி பேஸ்மென்ட்டுக்கும் அனுப்பாதீர்கள். அந்த ஈரம்தான் துருவைக் கொண்டுவந்தது. லாரியைப் பல வருடம் வைக்கப் போகிறீர்கள் என்றால் டயருக்கும் பெட்டியின் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். ரப்பர் மாதிரியான அந்த மென்மையான பொருள் வருடக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக, டின்னுக்குள் இருக்கும் காசு. அறுக்காதீர்கள். மேசையில் தடித்த துண்டை விரியுங்கள். டின்னைத் தலைகீழாக, வாய் உங்களைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி பிடியுங்கள். உலோகக் கத்தி வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கார்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை வெட்டி வாய்க்குள் விடுங்கள். மெதுவாக ஆட்டினால் ஒரு காசு பட்டையின் மேல் படுத்துக்கொள்ளும், அப்படியே சறுக்கி வெளியே வரும். முதல் காசுக்குப் பத்து நிமிடம் ஆகும், அப்புறம் கை பழகிவிடும்.

வெளியே வந்ததை வங்கியில் போட்டுவிடாதீர்கள். 1964 வரையிலான வருடம் பொறித்த டைம் (10 செண்ட்), குவார்ட்டர் (25 செண்ட்) இரண்டும் 90 சதவீதம் வெள்ளி. ஒரு செண்ட் காசின் பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் இருந்தால் 1958 அல்லது அதற்கு முந்தையது. சாம்பல் நிறத்தில் காந்தத்தில் ஒட்டும் செண்ட் கிடைத்தால் அது 1943-இல் செம்பு போருக்குப் போனதால் எஃகில் அடித்தது. ஒவ்வொரு காசின் வருடத்தையும், வெளியே வரும் வரிசையிலேயே, ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் கடைசி வருடம் 1950-களில் நின்றுவிட்டால், அந்தப் பிள்ளை காசு போடுவதை எப்போது நிறுத்தியது என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். எழுதிய தாளை மடித்து டின்னின் அருகிலேயே வையுங்கள், பட்டியலை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.